காலி ஸ்லாட்டில் ஒரு துண்டு

ஜூன் 3, திங்கள்

புது நோட்டு. முதல் பக்கத்திலேயே விதியை எழுதிவிடுகிறேன்: இதில் வேலை விஷயம் மட்டும்தான். பழைய நோட்டில் பாதிக்கு மேல் செக்யூரிட்டி அண்ணனின் பூனை, என் பல்வலி, பேக்கரிக்காரர் தேங்காய் பன்னைச் சிறிதாக்கிவிட்ட அநியாயம் என்று நிரம்பிவிட்டது. ஒரு பிழையை எப்போது சரிசெய்தேன் என்று தேடப் போய், பூனை குட்டி போட்ட தேதிதான் கிடைத்தது. இனி அப்படி ஆகாது. தமயந்தி திருந்திவிட்டாள்.

ஆக, வேலை. நாங்கள் செய்வது துணியைப் பார்க்கும் பெட்டி. தறியிலிருந்து ஓடி வரும் துணியைக் கேமராக்கள் பார்க்கும். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தென்பட்டால் பெட்டி கத்தும். ஒரு கேமராவுக்கு ஒரு கார்டு, அதைச் சொருகப் பெட்டியில் எட்டு ஸ்லாட். சோமனூரில் மில் நடத்தும் கருணாம்பாள் அம்மா கேட்பது ஒன்றே ஒன்று: பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுக் கார்டைச் சொருக வேண்டும், சொருகியதும் அது வேலை செய்ய வேண்டும். பெட்டியை அணைத்து எழுப்பினால் பாதி பார்த்த துணியை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறதாம். நியாயம்தான். மாதக் கடைசியில் அவர் மில்லிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். இப்போதைக்கு, ஓடும் பெட்டியில் கார்டைச் சொருகினால் சொருகியவர் கட்டைவிரல் வலிக்கும், வேறொன்றும் நடக்காது.

இதற்கென்றே ஒருவரை எடுத்திருக்கிறார்கள். பெயர் சிவதாணு. நாகர்கோவில்காரர், ஹைதராபாத்தில் இருந்தவர். மேனேஜர் சென்னியப்பன் சார் அவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மில்லுல ஓடுச்சுன்னா இவரு பெர்மனன்ட் தமயந்தி. ஓடலீன்னா இந்த வேலையவே மூடிருவாங்க, இவரும் திரும்ப ஹைதராபாத் போயிருவாரு." அந்த மனிதர் பாவம், சிரித்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு மேசை இல்லை. ஆர்டர் போட்டிருக்கிறதாம். "ரெண்டு நாளைக்குத்தான். உங்க டேபிள்ல ஓரமா ஒக்காந்துக்கட்டும்."

என் டேபிளில்! இரண்டு மானிட்டர், பெட்டி, கார்டுகள், ஸ்க்ரூடிரைவர் டப்பா, மணி பிளாண்ட், ஊறுகாய் பாட்டில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, விரல் நுழைய இடமில்லாமல் அடுக்கி வைத்திருக்கிறேன். எனக்கு அதில் பெருமை உண்டு. இருந்தாலும் வலது ஓரத்தில் நீல டேப் ஒட்டி எல்லை போட்டுக் கொடுத்தேன். அவர் லேப்டாப் பாதி மேசையிலும் பாதி அவர் மடியிலுமாக இருந்தது.

ஜூன் 4, செவ்வாய்

சிக்கல் இதுதான். பெட்டி கண் விழித்ததும் முதலில் ஆஜர் எடுக்கும். திரை இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா, எந்தெந்த ஸ்லாட்டில் கார்டு இருக்கிறது. இருப்பவர்களுக்கெல்லாம் முகவரிகளில் ஆளுக்கொரு பங்கு அளந்து கொடுக்கும். அந்த முகவரி வழியாகத்தான் பெட்டி கார்டோடு பேச முடியும். முகவரி கிடைக்காத கார்டு சொருகியிருந்தும் இல்லாத மாதிரிதான். கொடுக்கும் பங்கு சேர்ந்தாற்போல ஒரே நீளமாக இருக்க வேண்டும், பிய்த்துப் பிய்த்துத் தர முடியாது. காலி ஸ்லாட்டுக்கு? ஒன்றும் கிடையாது. ஆளில்லாத இடத்துக்கு எதற்குப் பங்கு? இப்படி இறுக்கமாகப் பிரித்துக் கொடுக்கும் நிரல் நான் எழுதியது. ஒரு பைட் வீணாகாது.

பிறகு மத்தியானம் ஒரு கார்டு வந்து நின்று "எனக்கு இடம்?" என்று கேட்கும். அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் காலி இருக்கும். சேர்ந்தாற்போல இருக்காது. திரையில் 'இடமில்லை' என்று ஒரு வரி வரும்.

சிவதாணு எல்லாவற்றையும் படித்துவிட்டு என் மேசையைப் பார்த்தார். பிறகு தன் மடியிலிருந்த லேப்டாப்பைப் பார்த்தார். "புரியுது" என்றார். என்ன புரிந்ததோ, கெரகம்.

ஜூன் 5, புதன்

அவர் டீ டம்ளர் டேப்பைத் தாண்டி வந்தது. திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 7, வெள்ளி

முதல் சண்டை. வேலைச் சண்டைதான்.

"காலி ஸ்லாட்டுக்கும் முன்கூட்டியே கொஞ்சம் எடம் போட்டு வச்சிரலாம், கேட்டியளா" என்றார். "பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போடுவோம்லா, அதாக்கும். பின்னால ஆளு வந்தா உக்காந்துகிடும்."

"வராமயே போயிட்டா?"

"போனாப் போட்டும். எடந்தான?"

எடந்தானாம்! எனக்கு வந்ததே கோபம். "நிக்கறவங்க நின்னுட்டு இருக்கறப்போ துண்டப் போட்டு எடம் புடிக்கறவங்களக் கண்டாலே எனக்கு ஆகாதுங்க. கோபி பஸ்ல எத்தன துண்ட எடுத்து வெளிய வீசியிருப்பேன் தெரியுமா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கும்போது அவருக்கு ஒரு கண் மற்றதைவிடச் சின்னதாகிறது. இது வேலை விஷயம் அல்ல என்பது எழுதிய பிறகுதான் தெரிகிறது. பேனாவில் எழுதிவிட்டேன், என்ன செய்ய.

ஜூன் 10, திங்கள்

மணி பிளாண்டை இடது பக்கம் மாற்றினேன். வெயில் வேண்டுமே அதற்கு. வலது பக்கம் கொஞ்சம் இடம் விழுந்ததால் டேப்பும் தானாக நகர்ந்தது. தானாக என்றால், நான் உரித்து ஒட்டினேன். இப்போது லேப்டாப் முழுசாக மேசைமேல் இருக்கிறது. மடியில் சூடு பட்டு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மில்லில் யார் ஓட்டிக் காட்டுவது?

நேந்திரங்காய் வற்றல் கொண்டுவந்தார். டேப்புக்கு மேலேயே வைத்தார். எல்லைக்கோட்டில் இருந்ததால் யார் எடுத்தாலும் தப்பில்லை என்று ஆகிவிட்டது.

மேசை இன்னும் வரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

ஓடியது! ஓடியது! ஓடியது!

ஒவ்வொரு காலி ஸ்லாட்டுக்கும் சின்னதாக ஒரு பங்கு ஒதுக்கிவிட்டு எழுப்பினோம். ஆம், துண்டுதான். போகட்டும் என்று சம்மதித்தேன். பெட்டி ஓடும்போதே நான் ஐந்தாவது ஸ்லாட்டில் கார்டைச் சொருகினேன். பெட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது, பங்கைக் கொடுத்தது, கேமரா கண் திறந்தது. திரையில் முதல் படமாகச் சிவதாணுவின் மூக்கு வந்தது. அவர் கேமராவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"கொள்ளாம்!" என்று கத்தினார். அவர் ஊரில் அதற்கு 'நன்றாக இருக்கிறது' என்று அர்த்தமாம். கார்டைச் சொன்னாரா மூக்கைச் சொன்னாரா என்று கேட்டேன். பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். இன்றைக்குப் பன் பெரிதாக இருந்தது.

ஜூன் 13, வியாழன்

கருணாம்பாள் அம்மாவிடமிருந்து செய்தி. அவரிடம் ஏற்கெனவே ஒரு பெரிய கலர் கேமரா இருக்கிறதாம், அதன் கார்டையும் சொருகிக் காட்ட வேண்டுமாம். அந்தக் கார்டு கேட்கும் இடம் சின்னக் கார்டைப் போலப் பல மடங்கு. எந்த ஸ்லாட்டில் சொருகுவார் என்று தெரியாது. அதனால் எல்லாக் காலி ஸ்லாட்டிலும் பெரிய துண்டாகப் போட்டு எழுப்பினோம்.

திரை எழவே இல்லை. வராத கார்டுகளுக்கெல்லாம் தாராளமாக ஒதுக்கி முடித்ததும் பெட்டியின் சொந்தத் திரைக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. சென்னியப்பன் சார் எட்டிப் பார்த்து, "கரண்டு போயிருச்சா?" என்றார்.

ஜூன் 14, வெள்ளி

கத்திவிட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

"வராத ஆளுக்கு எடத்தப் புடிச்சு வெச்சுட்டு, இருக்கற ஆளப் பட்டினி போடுறதுங்களா? இதுதான் உங்க யோசனைங்களா?"

அவர் கத்தவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "இருக்கியவங்க கொஞ்சம் நவுந்து குடுத்தா சரியாயிரும்" என்றார் பைய.

"ஓடிட்டு இருக்கறவங்கள எப்பிடிங்க நகத்தறது? கேமரா பாதிப் படத்த எழுதிட்டு இருக்கும். அடியில இருக்கற எடத்த உருவுனா படம் எங்க போயி விழுகும்? பெட்டியே செத்துப் போகும். உங்களுக்கென்ன, மாசக் கடைசில மூட்டையக் கட்டிட்டு ஹைதராபாத் போயிருவீங்க!"

சாயங்காலம் லேப்டாப்பை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வற்றல் பொட்டலத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 17, திங்கள்

வலது ஓரம் காலி. வரவில்லை.

என் மேசை முழுக்க எனக்கே என்று ஆன முதல் நாள். வேலை நன்றாக ஓட வேண்டும், ஓடவில்லை. ஊறுகாய் பாட்டிலைத் தூக்கி அவர் இடத்தில் வைத்தேன். நன்றாக இல்லை, எடுத்துவிட்டேன். ஒரே வரியை மத்தியானம் வரை திருத்தினேன், கடைசியில் பழையபடியே வைத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

லீவாம்! வெறும் லீவு! அண்ணன் குழந்தைக்குக் காது குத்து, முன்னாடியே சொல்லியிருந்தாராம். சென்னியப்பன் சார் போகிற போக்கில், ஏதோ பிரிண்டரைப் பற்றிச் சொல்வதைப் போல இதைச் சொல்லிவிட்டுப் போனார். மனிதர் இதைத் திங்கட்கிழமையே சொல்லியிருக்கக் கூடாதா?

பேக்கரியில் இரண்டு பன் சாப்பிட்டேன். பசி.

ஜூன் 19, புதன்

வந்துவிட்டார். காது குத்து லட்டு கொண்டுவந்தார்.

"அன்னிக்கு அப்பிடிக் கத்தியிருக்கக் கூடாதுங்க" என்றேன்.

"சவத்த விடுங்க மேடம். நீங்க கேட்டது நல்ல கேள்வியாக்கும். ஓடிட்டிருக்கியவங்கள எப்பிடி நவுத்துறது? பஸ்ல மூணு ஊரு தாண்டியதுவரை அதையேதான் யோசிச்சேன்."

"பதில் கெடச்சுதுங்களா?"

"தூக்கந்தான் கெடச்சுது."

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், டேப்பைத் தாண்டி. நான் திருப்பி அனுப்பவில்லை. விக்கல் எடுக்கும்போது எல்லையெல்லாம் பார்க்க முடியாது.

ஜூன் 21, வெள்ளி

இன்னும் ஒரே வாரம். பெரிய கார்டுக்கு இடம் பிறக்கவில்லை. இது ஓடாவிட்டால் வலது ஓரம் மறுபடி காலியாகும். வேலை மூடப்படும் என்ற அர்த்தத்தில் சொல்கிறேன்.

அம்மா கோபியிலிருந்து போன் செய்தார். வேலை எப்படி என்று கேட்டார், சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, யாரு அந்த நாகர்கோயில்காரரு? பேசுனதுல பாதி அவரு பேருதான இருந்துச்சு?" என்றார்.

"பெட்டியப் பத்தித்தான்மா சொல்லிட்டிருந்தேன்."

"செரி செரி. அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆகலை. எனக்கெப்படித் தெரியும்?" என்றேன், அதே வரிசையில். அம்மா போனை வைக்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டே வைத்த மாதிரி இருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

இதை எழுதக் கை பறக்கிறது. கிடைத்துவிட்டது!

சென்னியப்பன் சார் மகளுக்குக் கல்யாணம், அவிநாசி ரோட்டில் மண்டபம். பந்திக்குக் கூட்டம் முண்டியடித்தது. ஒரு பந்தி எழுந்ததும் கதவைத் திறந்தார்கள். நான் ஓடிப்போய் உட்கார்ந்தேன். சிவதாணு வெளியே எங்கள் எல்லோர் சார்பிலும் வாங்கிய குக்கரில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். ஆபீஸ் ஆள் ஒருவர் கல்யாண வீட்டில் கால்கடுக்க நின்றால் நன்றாக இருக்காது. அந்த ஒரே காரணத்துக்காகப் பக்கத்து நாற்காலியில் என் கைப்பையை வைத்தேன்.

இலை போட்டுக்கொண்டு வந்தவர், "ஏனுங்க, இங்க ஆள் வருதுங்களா?" என்று கேட்டார்.

"வருதுங்க" என்றேன். அவர் அந்த இடத்துக்கும் ஓர் இலை போட்டார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை, தமயந்தி என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறாள் என்று.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய குடும்பம் உள்ளே வந்தது. குழந்தைகள், கர்ப்பிணி மருமகள், கண் தெரியாத ஒரு பெரியம்மா. ஒருவர் ஊட்டிவிட வேண்டும், ஒருவர் குழந்தையைப் பிடிக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்துதான் உட்கார வேண்டும். வரிசையில் காலி இருந்தது, ஆனால் அங்கே ஒன்று, இங்கே இரண்டு. போன பந்தியில் என்றால் கதை முடிந்திருக்கும். சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பவரை யார் எழுந்திருக்கச் சொல்வது? இந்தப் பந்தியிலோ இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தார்கள், அவ்வளவுதான். உப்புகூட விழவில்லை.

"சித்த அக்கட்டால நகந்து ஒக்காருங்க சாமி! பரிமாறதுக்கு முன்னால நகந்துக்கங்க!" என்று ஒரே ஒரு குரல். வரிசை மொத்தமும் எழுந்து, நடுவில் காலி விடாமல் ஒரு பக்கமாக நெருங்கி உட்கார்ந்தது. நான் நகர்ந்தேன், என் பையும் நகர்ந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் மட்டும் அசையவே மாட்டேன் என்று கல்லாக உட்கார்ந்துவிட்டார். அவரை விட்டுவிட்டு அவரைச் சுற்றி மற்றவர்கள் நகர்ந்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் அந்தக் குடும்பத்துக்குச் சேர்ந்தாற்போல இடம் கிடைத்தது. யாருக்கும் ஒரு பருக்கை சிந்தவில்லை.

நான் எழுந்து நின்று, "எலை காலியா இருக்கறப்போ!" என்று கத்தினேன். பாயசம் எடுத்து வந்தவர் பயந்து போனார்.

கேமராவுக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு! ஒரு படத்தை எழுதி முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும் முன் ஒரு கணம் அதன் இலை காலி. அப்போது எல்லோரிடமும் "நகர முடியுமா?" என்று கேட்க வேண்டும். எல்லோரும் சரி என்றால் நிறுத்தி, தள்ளி உட்கார வைத்து, மறுபடி ஓடவிட வேண்டும். பெரிய கார்டுக்கு இடம் வந்துவிடும்.

சிவதாணு அப்போதுதான் உள்ளே வந்தார். நான் பையை எடுத்தேன், அவர் உட்கார்ந்தார். இலையில் அப்பளத்தை உடைத்து ஸ்லாட், திரை, டிஸ்க் என்று அடுக்கி, நகர்த்தி நகர்த்திக் காட்டினேன். சாப்பிடாமல் கேட்டார். பிறகு என் பையைப் பார்த்தார், தன் நாற்காலியைப் பார்த்தார்.

"மேடம், அப்பம் நீங்களும் துண்டு போட்டாச்சு."

"இது துண்டு இல்லீங்க, பை."

"சரி, பை" என்று சொல்லிவிட்டு 'டிஸ்க்'கை எடுத்து மென்று தின்றுவிட்டார். அந்த ஒரு கண் சின்னதாகிவிட்டது.

ஜூன் 25, செவ்வாய்

எழுதுகிறோம், எழுதுகிறோம். சோறு தண்ணீர் ஞாபகமில்லை. ஸ்க்ரூடிரைவர் டப்பாவை அலமாரிக்கு அனுப்பிவிட்டேன். பொதுவாகவே அது அலமாரியில் இருக்க வேண்டிய பொருள்தான். நீல டேப் மேசையின் நடுவுக்கு வந்துவிட்டது.

ஜூன் 26, புதன்

எல்லோரும் நகரத் தயார் என்கிறார்கள், திரை மட்டும் முடியாது என்கிறது. ஒருவர் முடியாது என்றால் யாரும் நகரக் கூடாது என்று நாங்களே விதி வைத்திருக்கிறோம். காலையிலிருந்து முட்டிக்கொண்டோம்.

"தாய்மாமன்!" என்றார் சிவதாணு திடீரென்று.

"விட்டுட்டு சுத்தி நகருங்க!" என்றேன் நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விசைப்பலகைக்குக் கை நீட்டினோம். விசைப்பலகை ஒன்றுதான் இருந்தது. கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் தட்டவில்லை.

பிறகு தட்டினோம். ஓடியது.

ஜூன் 28, வெள்ளி

மில். அப்பாடா, மில்!

தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. நான்கு கேமராக்கள் ஓடும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தன. கருணாம்பாள் அம்மா பருத்திப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். கையில் அந்தப் பெரிய கார்டு. சிவதாணு வாங்கக் கை நீட்டினார்.

"வேண்டாங்க. நானே சொருகறேன். எங்க மில்லுல நீங்களா வந்து தெனமும் சொருகப் போறீங்க?"

எங்கள் பயிற்சியில் நாங்கள் எப்போதும் ஐந்தாவது ஸ்லாட்டில்தான் சொருகினோம். அவர் நேராக எட்டாவதுக்குப் போனார். சிவதாணு முகம் வெளுத்துவிட்டது. இந்த ஒரு சொருகலில் அவர் இங்கே இருக்கப் போகிறாரா இல்லையா என்பது இருக்கிறது. சென்னியப்பன் சார் கண்ணை மூடிக்கொண்டு மருதமலை முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார்.

அழுத்தினார். 'டக்.'

திரையில் நான்கு படங்களும் நின்றன.

நின்றன. துணி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் என்னையறியாமல் பக்கத்தில் எதையோ பிடித்தேன். நாற்காலிக் கைப்பிடி என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒன்று அசைந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நான்கிலும் துணி மறுபடி ஓடியது. அப்புறம் ஐந்தாவதாக ஒரு பெரிய படம் விரிந்தது, கலரில். மாம்பழ மஞ்சள் சேலைத் துணி. அந்த மஞ்சளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அட, நகந்து குடுத்துருச்சே!" என்றார் கருணாம்பாள் அம்மா. அடுத்த நொடி கார்டைப் பிடுங்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. பெட்டி ஒன்றும் சொல்லாமல் அதன் இடத்தைத் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டது. அவர் மறுபடி ஆறாவதில் சொருகினார். மறுபடி மஞ்சள். விளையாட்டுச் சாமான் கிடைத்த குழந்தையைப் போல மாற்றி மாற்றிச் சொருகிக்கொண்டே இருந்தார், போதும் என்று சென்னியப்பன் சார் கெஞ்சும் வரை.

"எத்தன பெட்டி வேணும்னு நாளைக்குச் சொல்றனுங்க. எல்லாத் தறிக்கும் போட்டுரலாம்" என்றவர் எங்கள் பக்கம் திரும்பினார். "ஏனம்மிணி, இவரு உங்க ஊட்டுக்காரருங்களா?"

"இல்லீங்க!" என்றேன். "இல்லை!" என்றார் அவர். இரண்டும் ஒரே நேரத்தில், தறிச் சத்தத்தையும் மீறி.

"அப்பறம் என்னத்துக்கு அவரு கையப் புடிச்சுட்டு நிக்கறீங்க?"

நாற்காலிக் கைப்பிடி அல்ல அது.

ஜூலை 1, திங்கள்

அவர் பெர்மனன்ட்! சென்னியப்பன் சார் ஸ்வீட் பாக்ஸோடு சொன்னார். நான் இரண்டு மைசூர்பா எடுத்துக்கொண்டேன். ஒரே சந்தோஷம். அலுவலகத்துக்கு.

ஜூலை 3, புதன்

மேசை வந்துவிட்டது.

காலையில் நான் போகும்போதே எல்லாம் முடிந்திருந்தது. ஹாலின் அந்தக் கோடியில், ஜன்னல் ஓரத்தில், பளபளவென்று புது மேசை. அவர் பொருள்களை எல்லாம் ஆட்கள் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டார்கள். அவரும் அங்கே உட்கார்ந்து எதையோ கேபிளில் மாட்டிக்கொண்டிருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு.

என் மேசையில் பாதி காலி. எவ்வளவு விசாலம்! இரண்டு நாளைக்கு என்று வந்தவர் ஒரு மாதம் இருந்துவிட்டார், இப்போது இடம் திரும்பக் கிடைத்துவிட்டது, நான் சந்தோஷப்பட வேண்டும். நாசமாய்ப் போன விசாலம். எனக்கு அழுகை வந்தது. எழுதிவிட்டேன். விதியாவது மண்ணாவது.

பையை வைக்கும்போதுதான் பார்த்தேன். அந்தக் காலி இடத்தின் நடுவில், நீல டேப்புக்கு அந்தப் பக்கம், நாலாக மடித்து ஒரு துண்டு. ஈரிழைத் துண்டு, புதுசு, சிவப்புக் கரை. நாகர்கோவில் கடை லேபிள்கூடப் பிய்க்கவில்லை.

நான் அதைப் பார்த்துக்கொண்டே எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. கோபி பஸ்ஸில் எவ்வளவு துண்டுகளை வெளியே வீசியிருக்கிறேன்! இதைத் தொடக்கூடக் கை வரவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சென்னியப்பன் சார் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். "தமயந்தி, இந்த எடம் இனிக் காலிதானுங்களே? பிரிண்டர இங்க வெச்சுக்கலாமா?"

துண்டை எடுக்கக் கை நீட்டினார். நான் அதன்மேல் கையை வைத்துவிட்டேன்.

"இல்லீங்க சார்" என்றேன். என் குரல் பந்தியில் கத்திய குரலாக இருந்தது. ஆபீஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

"ஆள் வருதுங்க."

அந்தக் கோடியில் ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. திரும்பினேன். சிவதாணு எழுந்து நின்றார், காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்ற மறந்து. ஒரு கண் சின்னதாக இருந்தது, இன்னொன்று நனைந்திருந்தது. லேப்டாப்பைச் சொருகியிருந்த நிலையிலேயே பிடுங்கிக்கொண்டு, புது மேசையை அப்படியே விட்டுவிட்டு, ஹாலின் நடுவே நேராக நடந்து வந்தார். சென்னியப்பன் சார் பிரிண்டரைச் சுமந்துகொண்டு வழி விட்டார்.

"எனக்க அம்மைக்குப் போன் போடணும்" என்றார் வந்து நின்று. "என்னன்னு சொல்லட்டும்?"

"எங்கம்மாவும் கேப்பாங்க. சேந்தே சொல்லீரலாங்க" என்றேன்.

மத்தியானம் நீல டேப்பை உரித்துவிட்டேன். மேசையில் பசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்தால் போய்விடும் என்கிறார் அவர். பிரிண்டர் புது மேசையில் ராஜா மாதிரி தனியாக உட்கார்ந்திருக்கிறது.